ஒன்பது வீட்டுப் பலகாரம்

காருக்குள் இருந்தபடியே நித்திரை கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், இருக்கையைப் பின்னால் சாய்த்து, ஜக்கெற்றைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினால் வந்துவிடும், இரவு முழுக்க டிப்போவில் பஸ் கழுவியவனுக்கு நித்திரை வராமல் வேறு என்ன வரும், ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கதவுதான் தெரிகிறது, சாம்பல் நிறக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு, தானாகத் திறந்து என் மகளை உள்ளே எடுத்துத் தானாக மூடிக்கொண்ட கதவு. எடுத்து என்றா சொன்னேன். சாம்பவி நடந்துதானே போனாள். முதுகுப்பையை ஒரு தோளில் மட்டும் போட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல், பதினெட்டு வயசின் அந்த நடையோடு. போனாளா, எடுத்தார்களா, பார், காலையிலேயே தொடங்கிவிட்டது. இந்த நாட்டில் பதினெட்டைத் தொடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும், பெடியன் பெட்டை என்ற வேற்றுமை இல்லாமல், கேள்விகள் வரும், அதில் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டு உடம்பையும் மூளையையும் சோதிப்பார்கள், சோதித்ததில் கொஞ்சப் பேரை இராணுவத்தில் பயிற்சிக்கு எடுப்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஆமிச் சோதினை என்று பெயர். ஆமி என்ற சொல்லைச் சொல்லும்போது என் மனைவி வதனாவின் குரல் இன்றைக்கும் தாழும், சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோ நின்று கேட்பதுபோல. காலையில் குசினியில் அந்தத் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், பந்தடிச்சு முழங்கால் திரும்பினதுதானே பிள்ளை, அதைச் சொல்லு, நோகுது எண்டு சொல்லு, பொய் இல்லையே. சாம்பவி பாணைக் கடித்தபடி சிரித்தாள், அது எட்டாம் வகுப்பிலை அம்மா என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?” நான் சொன்னது, வெளிக்கிடு, ரோட்டிலை நெரிசலாயிருக்கும். இவ்வளவு நாள் சேர்த்து வைத்த எல்லாம் கடைசியில் ரோட்டைப் பற்றிய கதையாக வெளியே வந்தது.

வெளியே புகார், வெண்புகை மூட்டம். இலையுதிர்காலத்துப் புகார், மழையும் இல்லை பனியும் இல்லை, கார்களின் கூரைகளை மட்டும் விட்டுவிட்டுச் சக்கரங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. நான் போனின் குமிழைக் காதில் மாட்டுகிறேன். இது இரவுப் பழக்கம். பஸ்ஸின் வயிற்றுக்குள் குழாயோடு நிற்கும்போது சனங்களின் பகல் எல்லாம் தண்ணீரோடு அடியால் ஓடும், சுவிங்கம், மணல், ஒற்றைக் கையுறை, அந்த நேரத்தில் மண்டைக்குள் வேறு ஒரு குரல் வேண்டும், இல்லாவிட்டால் என்னுடைய குரலே கதைக்கத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தை நான் ஒழுங்காக முடித்ததில்லை. சுவீடிஷ் மொழியையே இப்படிக் கேட்டுத்தான் பிடித்தேன், முதலில் காலநிலை, பிறகு மீன் பிடிப்பதைப் பற்றி, பிறகு எப்படியோ வரலாறு. இப்போது ஒரு தொடர் விரிவுரை. இந்த நாடு எப்படி அரசு ஆனது என்று. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மாறி மாறிக் கதைப்பார்கள். அந்த ஆளுக்கு அவசரம், சொல்லின் வாலை அடுத்த சொல் மிதிக்கும். அந்த மனுசிக்கு ஒரு சிறிய இருமல், முக்கியமான இடத்துக்கு முன்னால் இருமுவாள், அதனால் இருமல் கேட்டாலே என் கை குழாயில் நின்றுவிடும். அவர்கள் சண்டை பிடிப்பது நானூறு வருசத்துக்கு முந்திய விசயத்துக்கு. கல்லும் காடுமான நாடு, சனமும் கொஞ்சம், காசும் இல்லை, இப்படி ஒரு இடம் எப்படி ஐரோப்பா நடுங்குகிற படையைக் கட்டியது. மனுசி சொல்வாள், அரசு என்பதே போருக்காகக் கட்டின இயந்திரம், பாதிரியார் ஊரில் பிறந்தது செத்தது எல்லாம் எழுதினார், வரி அதிகாரி மாட்டையும் தானியத்தையும் எண்ணினார், எண்ணி முடிந்த பிறகு ஆட்களை உறிஞ்சினார்கள், வடக்கே ஊர்கள் விதவைகளின் ஊர்களாயின என்று. ஆள் சொல்வார், இல்லை, அப்படிப் பார்ப்பது சனங்களைப் பொம்மையாக்குவது, அந்தக் குடியானவர்களுக்கு மன்னர் கூட்டுகிற சபையில் பிரபுக்களோடும் பாதிரிமாரோடும் வியாபாரிகளோடும் சேர்த்து இடம் இருந்தது, மனுப் போட்டார்கள், பேரம் பேசினார்கள், கொடுத்தார்கள், வாங்கினார்கள், அரசை மேலே இருந்து மட்டும் ஒருவரும் கட்டவில்லை, கீழே இருந்தும் கட்டினார்கள் என்று. கேட்கக் கேட்க எனக்கு இரண்டும் சரி. ஒவ்வொரு இரவும், யார் கடைசியாகக் கதைக்கிறாரோ அவர் பக்கம் நான்.

ஆனால் அந்தப் பத்துப் பேர். அங்கேதான் நான் கொழுவுப்படுவது, சேட்டுக் கை ஆணியில் மாட்டினதுபோல. ஊர் ஆம்பிளைகளைப் பத்துப் பத்தாகப் பிரிப்பார்களாம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரூத்தெ என்று பெயர், பத்துப் பேரையும் கொண்டுவந்து அதிகாரிக்கு முன்னால் நிறுத்துவது, பத்தில் ஒருவர் போகவேண்டும். யார் அந்த ஒருவர் என்பதில் ஊருக்கும் வாய் இருந்தது என்கிறார் ஆள், அதிகாரிக்கு ஊரைத் தெரியாது, ஊருக்குத்தான் ஊரைத் தெரியும், இவனுக்குக் கிழட்டுத் தாய், இவனுக்கு நிலம் பெரிசு, இவன் கூலிக்கு நிற்கிறவன், இவனுக்கு ஆருமில்லை, இப்படித் தங்களுக்குள் பேசித் தீர்த்தார்கள், இது பேரம், இது பங்கேற்பு. மனுசி இருமினாள். ஒன்பது பேர் தங்கள் உயிருக்காக ஒருவனைப் பார்க்கிற பார்வைக்குப் பங்கேற்பு என்று பெயர் வைப்பது நல்லாயிருக்கிறது என்றாள்.  அதற்கு ஆள் ஒன்று சொன்னார், அதைக் கேட்டுத்தான் நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு பஸ்ஸின் படியில் இருந்தது. மிஞ்சின ஒன்பது வீடும் சேர்ந்து, போகிறவனுக்குச் சப்பாத்தும் மேலங்கியும் கொடுத்தார்கள், வழிக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், காசும் கொடுத்தார்கள், இது ஊர் ஒற்றுமை இல்லாவிட்டால் வேறு என்ன. விலை, என்றாள் மனுசி. இருமவேயில்லை.

ஊரில் எங்கள் வீட்டிலும் வரலாற்றாசிரியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மாவும் ஐயாவும். ஆய்வுப் பொருள் தேவமலர் அக்கா. வீட்டுக்கு ஒரு ஆள் போருக்குத் தரவேண்டும் என்று இயக்கப் பொடியள் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் வைத்துச் சொன்ன கிழமை, அடுத்த ஒழுங்கையில் இருந்து வரிசையாக வீடு வீடாக வந்தார்கள், சத்தம் போடவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள், அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவும் நானும். அக்கா என்னை ஒருக்கால் பார்த்தாள், சும்மா, உடுப்புக் காய்ந்துவிட்டதா என்று கொடியைப் பார்ப்பதுபோல, பிறகு உள்ளே போய்ப் பையோடு வந்தாள். அவளோடு அவர்கள் திரும்பிப் போனார்கள், ஒழுங்கையின் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நடந்ததில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, விளக்கத்தில்தான் சண்டை. அம்மா சாகும்வரை, என்ரை பிள்ளையைக் கொண்டு போயிட்டாங்கள் என்றாள். ஐயா சாகும்வரை, அவள் தானாய்ப் போனவள் என்றார், அதைச் சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்துவார், பிறகு அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்துக்குப் போய்விடுவார். ஒரே குசினிக்குள் இரண்டு வரலாற்றுப் பள்ளிகள். அக்கா வரவில்லை. உடம்பும் வரவில்லை. சான்று இல்லாத இடத்தில் விளக்கம் நல்லாக வளரும், அதுவும் விரிவுரையில் கேட்டதுதான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒருநாளும் எடுக்காத கதை ஒன்று இருக்கிறது, அன்றைக்குப் பின்னேரம் நடந்தது. அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டுக்குச் சனம் வந்தது. வேலியால் கூடக் கதைக்காத வீடுகள். ஒருவர் மூடுபெட்டியில் பனங்காய்ப் பணியாரம், ஒருவர் வாழைக்குலை, மூலை வீட்டு மனுசி ஒரு சட்டி கோழிக்கறி, அந்தச் சட்டியின் மூடி சூட்டில் துள்ளியது. ஒருவரும் அழவில்லை. எல்லாருடைய முகமும் ஒரு மாதிரி லேசாக இருந்தது, காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகம்போல. இந்த ஒழுங்கையில் இனி வரமாட்டினம் போலை, என்று ஆரோ மெல்லச் சொன்னது கேட்டது. நான் பணியாரம் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதைத்தான் ஒரு பள்ளியும் எழுதாது.

கண்ணாடியில் தட்டினது மிர்சாத்.  மிர்சாத் நான் கழுவுகிற பஸ்களில் ஒன்றை ஓட்டுகிறவன், பொஸ்னியாக்காரன், அவனுடைய மகன் கெனானும் சாம்பவியும் ஒரே பள்ளிக்கூடம், அழைப்பும் ஒரே நாளுக்கு வந்தது. கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி இருந்தான், புகாரையும் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தான். என் காதுக் குமிழைக் காட்டி, பேராசிரியர் இன்றைக்கும் வகுப்பில்தானா என்றான், டிப்போவில் எனக்கு அதுதான் பெயர், பஸ் கழுவுகிற பேராசிரியர், இவர் பாடம் எடுத்தால் சக்கரத்தில் சேறு மிஞ்சும் என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது இரவல் சுவீடிஷ், ஆளுக்கு ஆள் பிழை வேறு, ஆனால் விளங்கும். மிர்சாத் நாடியால் வெளியே காட்டினான். வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலை. ஒரு சோமாலியத் தாய் தலையை ஸ்ரியறிங்கில் வைத்திருக்கிறாள். ஒரு குர்திஷ்காரர் டாக்சி விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்து இருக்கிறார். “பார்த்தாயா கேதீஸ்,” என்றான், “சுவீடன்காரப் பிள்ளைகள் எல்லாம் ட்ராமில் தனியே வந்திருக்கிறார்கள். தாய் தகப்பன் வீட்டில் நிம்மதியாகக் கோப்பி குடிக்கிறார்கள். காவல் இருப்பது நாங்கள் மட்டும்தான். ஆள் எடுக்கிறதை ஒருதரம் பார்த்தவர்கள் மட்டும்.” சொல்லிவிட்டுச் சிரித்தான், நானும் சிரித்தேன், கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்தது. தன் காரின் முன் இருக்கையில் ஒரு தகரப்பெட்டி இருப்பதாகச் சொன்னான், தன் மனுசி நேற்று முழுக்க நின்று செய்த பலகாரம், வால்நட்டும் சீனிப்பாகும், கெனான் வெளியே வரும்வரை மூடியில் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. ஆமிக்கு எடுத்தாலும் அதே பலகாரம்தானாம், விட்டாலும் அதுதானாம். உன் மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டான். முழங்கால், என்றேன். நல்ல முழங்கால், என்றான் மிர்சாத். அவனுடைய கண் ஒரு கணம் என்னில் நின்றது, பிறகு வேறு எங்கோ போனது, சும்மாதான், ஆனால் அதே நேரம் எனக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். காலையில் கெனான் அந்தக் கதவுக்குள் போகும்போது பார்த்தேன், நல்ல உயரம், தோள் இரண்டும் கதவு அகலம், நீச்சல்காரன், இவனைத்தான் எடுப்பார்கள், இவனை எடுத்தால் போதாதா. அப்படி ஒன்றுக்கு ஒன்று கணக்கு இல்லை, தெரியும், இது ஊர் இல்லை, பத்தும் இல்லை, கூப்பிட்டவர்களுக்கு எங்கள் கார்களைத் தெரியாது. இருந்தாலும் என் கண் அந்தப் பெடியனின் தோளை அளந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டது, இறைச்சிக் கடையில் நிற்பவனைப்போல. மிர்சாத் என்ன அளந்தான். சாம்பவி ஓடுகிற ஓட்டம் அவனுக்கும் தெரியும்தானே. அவன் இறங்கிப் போனான். அந்த இருக்கை கொஞ்ச நேரம் அவனுடைய சூட்டை வைத்திருந்தது.

எப்போது நித்திரையானேன் என்று தெரியாது, நித்திரைதானா என்பதும் தெரியாது, மனுசி கதைத்துக்கொண்டிருக்கிறாள், சாவு பெரும்பாலும் சண்டையில் இல்லை என்கிறாள், கடலுக்கு அந்தப் பக்கம் கோட்டைகளில், காய்ச்சலில், வயிற்றோட்டத்தில், போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அதனால் அடுத்த முறை பத்துப் பேரை நிறுத்தியபோது வரிசையில் மீசை முளைக்காதவர்கள் நின்றார்கள், அதற்கு அடுத்த முறை பத்து சேரவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே புகாருக்குள் ஆட்கள் நிற்கிறார்கள். பத்துப் பத்தாகத்தான். கால் தெரியவில்லை, இடுப்புக்கு மேலேதான், மூச்சு மட்டும் வெள்ளையாகப் போகிறது. ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை, பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அந்தப் பார்வை வரிசையில் ஒரு கையில் இருந்து மறு கைக்குப் போகிற பாத்திரம்போல நகர்கிறது, எவனிடம் வந்து நிற்கிறதோ அவன் ஒரு அடி முன்னால் வருகிறான், ஒருவரும் தள்ளவில்லை, அவன்தான் வருகிறான், பார்த்தாயா, தானாய்ப் போனவள் என்கிறார் ஆள், அவசரம் இல்லாமல், ஐயாவின் குரலில். கொண்டு போயிட்டாங்கள் என்கிறாள் மனுசி. இருமல் இல்லை. நெஞ்சுச் சளியோடு அம்மா இழுக்கிற மூச்சு. சபையில் இடம் இருந்தது. தேத்தண்ணி குடித்தார்கள். மனுப் போட்டார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கேட்டவைதானே, கேட்டுத்தானே போனவள். என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை, எட்டிக் குரலைக் குறைக்கலாம் என்று போனைத் தடவி எடுத்தேன், கறுப்பு. அமத்திப் பார்த்தேன். சார்ஜ் இல்லை, செத்துப்போய்க் கையில் குளிர்ந்து கிடந்தது. காதில் இருந்து குமிழைக் கழற்றி மடியில் போட்டேன். அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரும், சண்டை இல்லாமல் இப்போது, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, பக்கத்து அறையில் பிள்ளைகள் நித்திரை என்று நினைத்துக் கதைக்கிற தாய் தகப்பனைப்போல. பிறகு மெல்ல மெல்ல மோட்டார் இரைச்சலானது, பெரிய வீதியின் இரைச்சல். வெளியே நின்றவர்கள் சோதினை முடிந்து வந்த பிள்ளைகள், சிகரெட் பிடிக்கிறார்கள், ஒருத்தன் மற்றவனின் தொப்பியைப் பறிக்கிறான். சிரிப்பு. 

கதவு திறந்து அவள் ஏறி இருந்தபிறகுதான் சாம்பவி வந்ததே தெரியும். கன்னம் சிவந்திருந்தது, சைக்கிள் ஓட்டவைத்து மூச்சைச் சோதித்தார்களாம், நெஞ்சு வெடிக்கும் எண்டு நினைச்சனப்பா என்றாள், காது சோதித்தது, கண் சோதித்தது, கணினியில் வட்டமும் முக்கோணமும், கெனான் அதில் பாதியில் எழும்பித் தண்ணி கேட்டுத் திரிந்தான், எல்லாம் ஒரே மூச்சில். பசிக்குது என்றாள். நான் சாவியைப் போடவில்லை. முழங்காலைப் பற்றிக் கேட்டேன். அதைப் பற்றி அவர்களும் கேட்டார்களாம். “இப்ப நோவில்லை எண்டு சொன்னனான். இல்லைத்தானே.” கடைசியில் ஒரு அறை, ஒரு மனுசி, மேசையில் கோப்பி, விருப்பமா இல்லையா என்று கேட்டாளாம். சாம்பவி கண்ணாடியில் படிந்த மூச்சில் விரலால் கோடு இழுத்தாள். “ஓம் எண்டனான். எடுத்திட்டினம் அப்பா. வாற கோடைக்கு வடக்கை போகவேணும்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லமாகச் சொன்னாள், “கேக்காமலும் எடுக்கலாம் அப்பா, சட்டம் இருக்கு. ஆனா அவை கேட்டவை. என்னைக் கேட்டவை.” அதில் அவளுக்கு ஒரு பெருமை. இந்த நாட்டில் பிறந்தும், பெயரைச் சொன்னதும் எந்த ஊர் என்று கேட்கப்பட்டே வளர்ந்த பிள்ளை, முதல்தரம் வேறு ஒன்று கேட்கப்பட்டிருக்கிறாள். அதை எப்படி நான் பிழை என்பது. தேவமலர் அக்காவையும் கேட்டவைதான் பிள்ளை. நாக்கு அந்தப் பெயரில் ஏறப்போனது, அந்தப் பெயரை என் மகள் ஒருநாளும் கேட்டதில்லை, எங்கே தொடங்குவது, பள்ளிக்கூட மைதானத்திலா, கொடியில் காய்ந்த உடுப்பிலா. உனக்கு ஒரு மாமி இருந்தவ, என்றேன். “ஆர்?” என்றாள். அப்போதுதான் கண்ணாடியில் தட்டினார்கள்.

மிர்சாத். அவனுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, கெனான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், அந்தத் தோள்கள் இரண்டும் எங்கேயோ போய்விட்டிருந்தன. காதில் ஏதோ குறைவாம், வலப்பக்கம், இதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெடியனுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. மிர்சாத் அதை எனக்குச் சொன்னான், கவலையான குரலில்தான் சொன்னான், பாவம் எவ்வளவு ஆசைப்பட்டான் என்றான், ஆனால் நான் கேட்டுக்கொண்டிருந்தது அவனுடைய முகத்தை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். லேசான முகம். காய்ச்சல் விட்ட முகம். மூலை வீட்டு மனுசி சட்டியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இருந்த அதே முகம், அவள் கெட்டவள் இல்லை, மிர்சாத்தும் கெட்டவன் இல்லை, அவன் ஒன்றும் செய்யவில்லை, நானும் ஒன்றும் செய்யவில்லை. சாம்பவியை எடுத்துவிட்டார்கள் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை, என் முகத்தில் இருந்து எடுத்துக்கொண்டான்.  தன் காருக்குப் போனான், புகார் அவனை இடுப்புவரை தின்றது, திரும்பி வந்தபோது கையில் தகரப்பெட்டி. மூடி திறக்கவில்லை. அப்படியே, முழுசாக, யன்னலால் உள்ளே நீட்டினான். கெனானுக்கு, என்றேன். கெனானுக்கு இனி எதற்கு, என்றான், பிள்ளைக்குக் கொடு, வழிக்கு வைத்துச் சாப்பிடட்டும்.  சோமாலியத் தாய் தன் காருக்குள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரரும். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் வரவில்லை.

சாம்பவி பெட்டியை மடியில் வாங்கி நன்றி சொன்னாள், ஒழுங்காக, இங்கே படித்த மரியாதையோடு. மூடியைத் திறந்ததும் சீனிப்பாகும் வெண்ணெயும் சேர்ந்த வாசம் கார் முழுக்க நின்றது, தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக வெட்டி அடுக்கியிருந்தது. ஒன்றை வாயில் போட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். நல்லாயிருக்கப்பா. நான் சாவியைத் திருப்பினேன், வைப்பர் ஒருமுறை துடைத்தது, மிர்சாத் கையை உயர்த்தியபடி அங்கேயே நின்றான். மாமி எண்டு சொன்னீங்கள், ஆரது, என்றாள் அவள், விரலை நக்கியபடி. சொல்லுறன் என்றேன். “முதல்லை இதைப் பிடியுங்கோ, நீங்கள் விடியத் தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை,” என்று ஒரு துண்டை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். இரண்டு கையும் ஸ்ரியறிங்கில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

ருசியாகத்தான் இருந்தது.